தூர்பியோன் கோட்டையை அழித்தது யார்? தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சுவிட்சர்லாந்தில் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை, சியோன் நகருக்கு மேலே நிற்கும் தூர்பியோன் குன்றில் நான் ஏறிக்கொண்டிருந்தபோது, முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் என்னைக் கடந்து ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி ஆசிரியைகள் இருவர் வந்தார்கள். பாதையோரத்துப் பாறையில் படர்ந்திருந்த நாகதாளிக் கள்ளியைக் கண்டு நின்ற சிறுவன் ஒருவன், "ரீச்சர், இது அம்மம்மா வீட்டு வேலிக்கரையில நிக்கிறதெல்லோ!" என்று கத்தினான். அவன் சொன்னது பிழையில்லை. இந்தக் கள்ளி இனம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து எங்கள் ஊருக்கும் வந்தது, மழை குறைந்த இந்த வலே பள்ளத்தாக்கின் வெயில் சரிவுகளுக்கும் வந்து வேரூன்றியது. பனிமலைகளைப் பின்னணியாகக் கொண்ட கள்ளிச்செடியை முதன்முதலாகப் பார்க்கும் எவரும் ஒரு கணம் நின்றுதான் போவார்கள்.

மடல் எழுதத் தூண்டியது அந்தக் கள்ளி அன்று. அச்சிறுவனின் கையில் இருந்த தாள்தான். ஆசிரியையின் அனுமதியோடு வாங்கிப் பார்த்தேன். பழங்காலத்தில் மன்னர்கள் வாழ்ந்த கோட்டை இது என்றும், எதிரிகள் படையெடுத்து வந்து இதை அழித்தார்கள் என்றும் அதில் இரண்டு வரிகள் இருந்தன. கீழே பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதற்காகக் கொடியும் கோபுரமும் வரையப்பட்டிருந்தன. அந்தப் பள்ளி எதுவென்று நான் சொல்லப்போவதில்லை. கிழமை முழுவதும் வேலை செய்துவிட்டு, புதன் பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் ஊதியத்தைப் பெரிதாக எண்ணாமல் தமிழ் கற்பிக்கும் அந்த ஆசிரியைகளைக் குறைகூற எனக்கு மனமும் இல்லை. ஆயினும் அந்த இரண்டு வரிகளுமே தவறானவை. தவறு என்பதைவிட, அவை இந்தக் கோட்டையின் உண்மையான கதையைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிடுகின்றன என்பதே என் வருத்தம்.

முதலில், இங்கே வாழ்ந்தவர் மன்னர் அல்லர். இது ஆயரின் கோட்டை. யாழ்ப்பாணத்து ஆயரையும் மன்னார் ஆயரையும் அறிந்த நமக்கு ஆயர் என்றால் பூசை வைப்பவர், பிணக்குகளில் நடுவராகப் பேசுபவர், துயர்ப்படும் மக்களுக்காகக் கடிதம் எழுதுபவர். சியோன் ஆயரோ வரி வாங்கியவர், வழக்குத் தீர்த்தவர், படை திரட்டியவர். 999ஆம் ஆண்டில் பர்கண்டி மன்னர் மூன்றாம் ருடோல்ஃப், வலே நாட்டின் ஆட்சியுரிமையைச் சியோன் ஆயரிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து ஒரே மனிதர் ஆன்மிகத் தலைவராகவும் அரசியல் தலைவராகவும் இருக்கும் நிலை உருவாயிற்று. ஒரு கையில் செங்கோலும் மறு கையில் ஆயர்கோலும் என்று இதைச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

இரண்டாவதாக, ஆயருக்கு மலை உச்சியில் கோட்டை எதற்கு என்ற கேள்வி. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேற்பகுதி ஆயரின் கையில் இருந்தது; கீழ்ப்பகுதியின் பெரும்பாலான நிலம் சவோய் என்ற அண்டை நாட்டுப் பிரபுக்களின் கையில் இருந்தது. சியோனுக்கு மேற்கே, நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் ஓடும் மோர்ஜ் என்ற சிற்றாறுதான் இரண்டுக்கும் எல்லை. இத்தாலிக்குச் செல்லும் மலைக்கணவாய்களின் வழியே போய்வந்த வணிகச் சரக்கின் மீது இரு தரப்புக்கும் கண் இருந்தது. பகைவனின் எல்லை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது, நகருக்குள் மட்டும் அரண்மனை வைத்துக்கொண்டு எந்த ஆட்சியாளரும் நிம்மதியாக உறங்கமாட்டார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆவோஸ்டாப் பள்ளத்தாக்கின் பிரபுக் குடும்பத்தில் பிறந்த பொனிஃபாஸ் தெ ஷாலோன் என்ற ஆயர், நகருக்கு அருகிலிருந்த இரு குன்றுகளில் உயரமானதைத் தேர்ந்து இந்தக் கோட்டையைக் கட்டினார். தாழ்ந்த குன்றான வலேரில் ஏற்கெனவே ஆலயமும் குருக்களின் குடியிருப்பும் இருந்தன. இப்போதும் இரண்டு குன்றுகளுக்கும் இடையிலுள்ள சேணம் போன்ற மேட்டில் நின்று பார்த்தால், இடப்புறமும் வலப்புறமும் ஒன்றையொன்று முறைத்துப் பார்ப்பதைப்போல அவை நிற்கின்றன.

அடுத்த நூறாண்டுகளின் கதையைப் பிள்ளைகளுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1352இல் பச்சைப் பிரபு என்று பெயர்பெற்ற சவோயின் ஆறாம் அமதேயுஸ் சியோன் நகரை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார் என்பதும், 1375 ஆகஸ்ட் 8ஆம் நாள் கிஷார் தவெல்லி என்ற முதிய ஆயர் லா சுவா கோட்டையில் உயரத்திலிருந்து வெளியே தள்ளிக் கொல்லப்பட்டார் என்பதும், 1388 டிசம்பரில் விஸ்ப் என்ற இடத்தில் மேல் வலே உழவர்கள் சவோய்ப் படையை முறியடித்தார்கள் என்பதும் போதும். ஆயரைத் தள்ளிக் கொன்றவர்கள் வெளியிலிருந்து வந்த எதிரிகள் அல்லர், ஆயரோடு நிலத் தகராறு கொண்டிருந்த உள்ளூர்ப் பிரபுவின் ஆட்கள் என்பதை மட்டும் விடாமல் சொல்லிவிடுங்கள். அந்தக் கொலைக்குப் பழிவாங்கப் புறப்பட்டவர்களும் பொதுமக்களே. அந்தப் பிரபுக் குடும்பம் இறுதியில் நாட்டைவிட்டே போக நேர்ந்தது.

நீங்கள் நேரம் எடுத்துச் சொல்லவேண்டிய கதை அதற்குப் பிறகு வருகிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராரோன் என்ற பிரபுக் குடும்பம் வலேயில் மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தது. குடும்பத் தலைவரான விட்ஷார்ட் நாட்டின் முதன்மைத் தளபதி. அவருடைய உறவினரான இளைஞர் ஒருவர் ஆயர். ஆக, ஆயர்கோலும் வாளும் ஒரே வீட்டுக்குள் போய்விட்டன. விட்ஷார்ட் சவோயோடு கைகோத்ததும், ஊரவர் விரும்பாத போர்களுக்கு வலே இளைஞர்களை மலை தாண்டி அழைத்துச் சென்றதும் மக்களின் கோபத்தைக் கிளறின. அப்போது அவர்கள் எழுப்பிய கொடி துணியால் ஆனதன்று. அது ஒரு மரக்கட்டை.

அதற்கு 'மாட்ஸே' என்று பெயர். ஒரு மரத்துண்டில் துயரத்தால் கோணிய மனித முகத்தைச் செதுக்கி, ஊர்ப் பொது இடத்தில் நிறுத்தினார்கள். கிளர்ச்சியில் சேர விரும்பும் ஒவ்வொருவரும் முன்வந்து அந்தக் கட்டையில் ஓர் ஆணியை அடித்தார்கள். எழுதத் தெரியாதவர்களின் கையெழுத்து அது. ஆணிகள் போதிய அளவு சேர்ந்ததும், யாரால் துன்பம் வந்ததோ அவர் வீட்டு வாசலுக்கு அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஊரே நடந்தது. முகம் வாடியிருப்பதற்குக் காரணமானவர் யார் என்று கேட்டுப் பிரபுக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள் என்றும், ராரோன் என்ற பெயர் வந்தபோது கட்டையைத் தலைகுனியச் செய்தார்கள் என்றும் பழைய மரபுக் கதை சொல்கிறது. வகுப்பறையில் ஒரு மரத்துண்டையும் சுத்தியலையும் கொஞ்ச ஆணியையும் வைத்து இதைச் செய்து காட்டினால், கொடிக்கும் கோபுரத்துக்கும் வண்ணம் தீட்டுவதைவிடப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் நினைவில் நிற்கும் என்று நம்புகிறேன். (விரலில் அடிபட்டால் பெற்றோர் என்னைத் தேடி வரவேண்டாம்.)

1417இல் அந்தக் கிளர்ச்சி ஆயரின் கோட்டைகளை எட்டியது. லா சுவா எரிந்தது, மோந்தோர்ஜ் எரிந்தது, தூர்பியோனும் அழிந்தது. பெர்ன் அரசு ராரோன் குடும்பத்துக்குத் துணையாகப் படை அனுப்பியும் பயனில்லை. 1419இல் உல்ரிஷன் என்ற மலைக்கிராமத்தருகே அந்தப் படையும் தோற்றுத் திரும்பியது. இன்று பெர்ன் நகரில் வாழும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் எந்தப் பக்கம் சேருவார்கள் என்று அறிய எனக்கு ஆவல். ஆகவே, 'எதிரிகள் படையெடுத்து வந்து அழித்தார்கள்' என்ற வரி முதல் அழிவுக்கே பொருந்தாது. இதை அழித்தவர்கள் இதன் நிழலில் வாழ்ந்து, இதற்கு வரி கட்டிய மக்கள்.

அழிந்த மூன்றில் தூர்பியோனுக்கு மட்டும் மறுவாழ்வு கிடைத்தது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதை மீண்டும் எழுப்பியவரும் ராரோன் குடும்பத்தில் பிறந்த இன்னோர் ஆயர்தான். வரலாறு இப்படிக் குறும்பு செய்வதுண்டு. இன்று நாம் காணும் சுவர்களிலும், புனித ஜோர்ஜ் சிற்றாலயத்தில் எஞ்சியிருக்கும் சுவரோவியங்களிலும், முதற் கட்டடத்தின் வேலையும் இந்த மறுகட்டடத்தின் வேலையும் கலந்தே இருக்கின்றன. சிற்றாலயச் சுவரில் ஓரிடத்தில் ஓர் ஓவியத்தின் மேற்பூச்சு உதிர்ந்து அடியிலிருக்கும் பழைய ஓவியம் எட்டிப்பார்க்கிறது. பிள்ளைகளை அதன்முன் ஐந்து நிமிடம் அமைதியாக நிற்க வையுங்கள். ஒரே சுவருக்கு இரண்டு வெவ்வேறு வயது இருக்கலாம் என்பதை வாயால் விளக்குவது கடினம். அந்த இடத்தில் விளக்கமே தேவைப்படாது.

மக்கள் வென்றார்கள், எல்லாம் நன்றாக முடிந்தது என்று கதையை முடித்துவிடவும் வேண்டாம். 1475 நவம்பரில் சியோன் மதிலுக்கு வெளியே லா பிளாந்தா என்ற வெளியில் மேல் வலே மக்கள், பெர்ன், சொலொத்தூர்ன் படைகளின் உதவியோடு சவோயைத் தோற்கடித்தார்கள். அதன்பின் கீழ் வலேயைத் தங்கள் ஆளுகைக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கிருந்த பிரெஞ்சு பேசும் மக்களைத் தங்களுக்குச் சமமாக அவர்கள் நடத்தவில்லை. 1798 வரை குடிகளாகவே வைத்திருந்தார்கள். ஆணி அடித்து அநீதியைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அடுத்த ஊருக்கு அதிகாரிகளாகப் போனார்கள். இதையும் சொன்னால்தான் நாம் சொல்வது வரலாறு, இல்லையென்றால் வீரக்கதை. வீரக்கதைகள் நம்மிடம் போதிய அளவு இருக்கின்றன.

ஆயரின் அரசியல் அதிகாரமும் சிறிது சிறிதாகத் தேய்ந்தது. 1634இல் ஹில்டபிராண்ட் யோஸ்ட் என்ற ஆயர், 999ஆம் ஆண்டுக் கொடையின்பேரில் வந்த ஆட்சியுரிமையைக் கைவிட நேர்ந்தது. தூர்பியோன் அதன்பிறகும் ஆயரின் சொத்தாகவே இருந்தது. கோடையில் தங்குவதற்கு உகந்த, காற்றோட்டமான வீடாக அது பயன்பட்டது. அதன் மதில்கள் காக்கவேண்டிய எல்லை இப்போது இல்லை, அஞ்சவேண்டிய சவோயும் இல்லை.

பிறகு 1788 மே 24ஆம் நாள் வந்தது. சியோன் நகருக்குள் தீப்பிடித்தது. பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றி அங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிற்பகலில் அது கிளம்பினால் துணி காயப்போட்டவர் ஓடவேண்டியதுதான். அந்தக் காற்று நெருப்பை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது. நகரின் பெரும்பகுதி எரிந்தது, குன்றின் அடிவாரத்தில் இருந்த மஜோரி என்னும் ஆயர் மாளிகை எரிந்தது, இறுதியில் உச்சியில் இருந்த தூர்பியோனும் தீப்பற்றியது. முற்றுகைக்கு எதிராக மலைமேல் கட்டிய கோட்டையை, கீழே ஏதோ ஓரிடத்தில் கிளம்பிய நெருப்பு முடித்துவைத்தது. படை இல்லை, எதிரி இல்லை, போர் இல்லை. கூரையும் தளங்களும் மரம் என்பதால் அவை போயின. கல் மட்டும் மிஞ்சியது. உட்சுவர்களில் வரிசையாகத் தெரியும் சதுரக் குழிகளைக் காட்டி, இவற்றில்தான் உத்தரங்கள் செருகியிருந்தன என்று சொன்னால், பிள்ளைகள் தாங்களாகவே வெறும் வானத்தில் மாடிகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். நான் அழைத்துச் சென்ற என் மருமகள் அப்படித்தான் எண்ணினாள், எண்ணி முடித்துவிட்டு, "அப்ப இவையள் ஏன் திரும்பக் கட்டேல்ல?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. 1417இல் அழிந்தபோது திரும்பக் கட்டியவர்கள் 1788இல் ஏன் கட்டவில்லை? என் எண்ணத்தில், முதல் முறை அந்தக் கோட்டை ஓர் ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டது; இரண்டாம் முறை அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஆயர் அரசியல் அதிகாரத்தை இழந்து 150 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. எரிந்த நகரில் குடும்பங்கள் வீடின்றி இருந்தன. அந்த நேரத்தில் மலைமேல் இருந்த கோடைவீட்டுக்கு யார் மரம் தூக்கிச் செல்வார்கள்? கட்டடம் அழிந்துபோக நெருப்பு போதும். அது இடிபாடாகவே நீடிப்பதற்கு, அதை வேண்டாமென்று ஒரு சமூகம் விட்டுவிடவும் வேண்டும்.

இங்கே நம்மைப்பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தாளை எழுதியவருக்கு 'எதிரிகள் அழித்தார்கள்' என்ற வரி இயல்பாக வந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். இடிந்த சுவரைக் கண்டால் யார் அடித்தது, எந்த ஆண்டில் அடித்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1990இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையின் ஓசை என் தலைமுறையின் காதில் இன்னும் இருக்கிறது. கூரையில்லாத வீடு என்றால் எங்களுக்கு ஒரே பொருள்தான். அந்த அனுபவம் பொய்யன்று, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேறு இடம் உண்டு, வேறு பாடவேளை உண்டு. சியோன் மக்களின் சுவரில் நமது காயத்தை எழுதினால், அவர்களுடைய கதையும் கெடும், நமது கதையும் நம்பகம் இழக்கும். அதே பிள்ளைகள் திங்கட்கிழமை சுவிஸ் பள்ளிக்குப் போய், அங்கே வரலாற்று ஆசிரியர் வேறு கதை சொல்லும்போது, தமிழ் வகுப்பில் சொல்வதெல்லாம் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட மாட்டார்களா?

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். அந்தத் தாளில் உள்ள இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு, ஆயர் கட்டினார், மக்கள் அழித்தார்கள், ஆயர் திரும்பக் கட்டினார், நகரத்துத் தீ எரித்தது என்ற நான்கு செய்திகளை எழுதுங்கள். அவ்வளவே போதும். பெர்னிலிருந்து வருபவர்கள் பயணத்தையே பாடமாக்கிக்கொள்ளலாம். 2007இல் திறக்கப்பட்ட லொட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கத்தைவிட்டுத் தொடருந்து வெளியே வரும் இடமே ராரோன். விட்ஷார்ட் குடும்பத்தின் ஊர் அது. அடுத்து, வண்டி மாறும் விஸ்ப் நிலையத்தின் மேடையில் நிற்கும்போது 1388ஆம் ஆண்டுப் போரைச் சொல்லலாம். இந்தப் பெயர்கள் எல்லாம் நிலையப் பலகைகளில் எழுதியிருக்கும். பிள்ளைகள் வாசித்துக்கொண்டே வருவார்கள். கால்பந்துப் பித்துப் பிடித்த பையன்களுக்கு எஃப்.சி. சியோன் விளையாடும் அரங்கின் பெயரும் தூர்பியோன்தான் என்பது தெரிந்திருக்கும். பெயர் எங்கிருந்து வந்தது என்று அவர்களிடமே கேட்டு, பதிலை மலையுச்சியில் காட்டுங்கள். அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் சுழல்காற்று என்று பொருள் இருப்பதை வைத்துப் புதிதாகக் காரணக்கதை மட்டும் கட்டிவிடாதீர்கள். ஊர்ப்பெயர்களுக்குக் காரணம் புனைவதில் நமக்குள்ள திறமை உலகறிந்தது.

உச்சியை அடைந்ததும் மேற்குத் திசையைக் காட்டுங்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சிறு குன்றொன்று தெரியும்; அதன்மேல் இருப்பதுதான் மோந்தோர்ஜ். 1417இல் தூர்பியோனைப்போலவே அழிக்கப்பட்டு, திரும்பக் கட்டப்படாமலே போனது அது. இரண்டு இடிபாடுகளையும் ஒரே பார்வையில் வைத்து, எது எப்போது பாழானது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இறங்கும் வழியில் வலேர் ஆலயத்துக்குள் போய், 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்யப்பட்டு இன்றும் வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கும் ஓர்கனையும் காட்டுங்கள். தூர்பியோனில் அரசியல் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் பக்கத்துக் குன்றில் அந்த இசைக்கருவி ஒலித்தது.

நடைமுறை குறித்தும் சிலவற்றைச் சொல்லவேண்டும். குளிர்காலத்தில் கோட்டை வாயில் பூட்டியிருக்கும். ஆகவே நாளைக் குறிக்குமுன் திறப்பு நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதை செங்குத்தானது, கற்கள் தேய்ந்து வழுக்கும். செருப்போடு வரும் பெற்றோரை அன்று பலமுறை பார்த்தேன். நிழல் குறைவு, தண்ணீரை நீங்களே கொண்டுபோகவேண்டும். வரலாற்றைச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், இந்த ஊரில் நெடுங்காலமாக வாழும் என்னைப் போன்றவர்கள் சனிக்கிழமைகளில் கூடவந்து சொல்ல ஆயத்தமாக இருக்கிறோம். கூலியாக மதியச் சோற்றுப் பார்சல் ஒன்று தந்தால் போதும். கள்ளியைத் தொடவேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்று அந்தச் சிறுவனின் விரலிலிருந்து முள்ளெடுக்க இரண்டு ஆசிரியைகளும் நானும் அரைமணி நேரம் பாடுபட்டோம்.

அன்புடன்,
சியோனில் வாழும் ஒரு தமிழ் வாசகர்